பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே ஒரு தீவு இருக்கிறது, தெரியுமா?

கடல் எங்கே, பெரியநாயக்கன்பாளையம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போகும்போது இடது கைப்பக்கம் பாலமலையும் குருடிமலையும் கூடவே வருகின்றன, பார்த்திருப்பீர்கள். அது ஒரு தீவின் கரை! அங்கே பிறந்து, அதைத் தாண்டி வேறெங்கும் போக முடியாமல், பல லட்சம் ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்துகொண்டிருக்கும் உயிர்கள் உண்டு. தெற்கே ஆனைமலைப் பக்கம் இன்னொரு தீவு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீரிணை. அதில் தண்ணீர் இல்லை, காற்று ஓடுகிறது. ஊரே 'பாலக்காட்டுக் கணவாய்' என்று சொல்லும் அந்த நீரிணையின் வடகரையில்தான் நாம் வீடு கட்டி, மில் கட்டி, தோட்டம் துரவு வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது கவிஞர்கள் கட்டிவிட்ட கற்பனை இல்லை. உயிரியல் படித்தவர்கள் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை உச்சிகளை 'வானத் தீவுகள்' என்றே அழைக்கிறார்கள். காரணம் எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறேழு டிகிரி குளிர்ந்துவிடும். உச்சியில் மேகம் மேய்கிற சோலைக்காடும் புல்வெளியும். கீழே வந்தால் வெயிலும் புழுதியும் கருவேலமும். குளிரிலும் ஈரத்திலும் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு குருவிக்குச் சூலூரும் கிணத்துக்கடவும் கடலேதான்!

இதோடு ஒப்பிட, நிஜக் கடல் தீவு ஒன்றைப் பார்ப்போம். நார்வே நாட்டில் பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டராய் என்று ஒரு தீவு இருக்கிறது. திறந்த கடலில் இல்லை, மலைகளுக்குள்ளே புகுந்து நிற்கும் கடலால் சூழப்பட்ட தீவு. அப்படி மலைக்குள் புகுந்த கடலுக்குத்தான் ஃபியோர்டு என்று பெயர். பனியாறுகள் மலையை அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கின. பனி உருகியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. அந்த நாட்டின் மிகப் பெரிய ஃபியோர்டான சோக்னெஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளம், 1,308 மீட்டர் ஆழம். கேட்கவே மலைப்பாக இருக்கிறது அல்லவா? இப்போது நம் கணக்கைப் பாருங்கள். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே காணாமல் போய், தரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 140 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. உச்சியிலிருந்து அடிவரை 2,500 மீட்டர் வீழ்ச்சி! ஓஸ்டராய்த் தீவின் மிக உயர்ந்த குன்றே 900 மீட்டரைத் தொடாது.

இந்தக் கணவாய் எப்படி வந்தது? நார்வேயில் நடந்ததுபோல் இங்கே பனியாறு ஓடவில்லை. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாக நிலத்தின் அடிவயிற்றில் ஒரு பழைய தையல் ஓடுகிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டபோது பாறைகள் நசுங்கி, திருகி, பலவீனமான இடம் அது. அந்தப் பலவீனத்தின் வழியே பிளவும் அரிப்பும் வேலை செய்து மலையைத் திறந்துவிட்டன. ஆற்றின் பங்கு எவ்வளவு, நிலப்பிளவின் பங்கு எவ்வளவு என்று புவியியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இதே தையலின் மறுமுனை மடகாஸ்கரில் ரனோத்சாரா என்ற இடத்தில் இருக்கிறது என்று சொல்பவர்களும் அவர்களில் உண்டு. ஒரு காலத்தில் மடகாஸ்கரும் நாமும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தவர்கள்தானே!

கல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். நீலகிரி பெரும்பாலும் 'சார்னோகைட்' என்ற பாறையால் ஆனது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்தலத்தை நிறுவிய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயர் 1690-களில் இறந்துபோனார். அவர் கல்லறைக்குச் சென்னைப் பல்லாவரத்துக் குன்றிலிருந்து கருங்கல் வெட்டிக் கப்பலில் கொண்டுபோனார்கள். இருநூறு ஆண்டு கழித்து 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, இறந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். இனிதான் விஷயம். நார்வேயின் வடக்கே, துருவ வட்டத்துக்கும் அப்பால், கடலில் இருந்து செங்குத்தாக எழும் லோஃபோடன் தீவுகள் உலகப் புகழ் பெற்றவை. அந்தத் தீவுகளின் பாறையிலும் சார்னோகைட் உண்டு! 180 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. பல்லாவரத்துக் கல்லை வைத்துப் பெயர் பெற்ற பாறை, நம் ஊர் மலையிலும் இருக்கிறது, அந்த வடகோடித் தீவிலும் இருக்கிறது. நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

குருவிக்கு வருவோம். சோலைக்காட்டின் தரையில், வேர்களுக்கும் பாசிக்கும் நடுவே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும் ஒரு சின்னப் பறவை, நீல ராபின். வடதீவான நீலகிரியில் இருப்பதற்கு முதுகும் மார்பும் கருநீலம், விலாவில் செங்கல் நிறம். கணவாயைத் தாண்டிப் பழனிமலைக்குப் போய் அதே மாதிரிச் சோலையில் அதே மாதிரி இருட்டில் பாருங்கள்: அதே உருவம், அதே தத்தல், ஆனால் விலாவில் செங்கல் நிறம் இல்லை, வயிறு வெள்ளை. பார்த்தவர் சிலர் ஒரே பறவையின் இரு வகை என்று நினைத்ததுண்டு. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் தனித்தனி இனங்கள். பிரிந்து பல லட்சம் ஆண்டு ஆயிற்று!

இதைக் கண்டுபிடித்த கதையும் அருமையானது. வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்பது இடங்களில் 23 இனத்துப் பறவைகள், மொத்தம் 356-ஐ எடுத்துக்கொண்டு மரபணுக்களை ஒப்பிட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு என்ன? 23-இல் பத்து இனங்களில் மிகப் பழைய பிரிவு விழுந்திருந்த இடம் நம் பாலக்காட்டுக் கணவாய். மற்றப் பள்ளத்தாக்குகளும் பிரித்திருக்கின்றன, ஆனால் அவையெல்லாம் பின்னால் வந்தவை, சின்னவை. ஆராய்ந்த ராபின் பெயரும் ஆராயப்பட்ட ராபின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குருவி பறக்காமல் நின்றுவிட்டது, சரி. யானை நிற்குமா? ஒரு ராத்திரியில் எத்தனையோ கிலோமீட்டர் நடக்கிற பிராணி ஆயிற்றே! ஆனால் யானையும் நின்றிருக்கிறது. ரா.சுகுமார் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணவாய்க்கு வடக்கே உள்ள நீலகிரி யானைகளும் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபட்டவை. உலகத்திலேயே ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு நீலகிரியும் அதை ஒட்டிய கிழக்கு மலைகளும்தான். அந்தப் பெருங்கூட்டத்தின் தெற்கு ஓரத்தைக் காப்பது எது? கோவை வனக்கோட்டம். அதில் ஒரு சரகத்தின் பெயரே பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகம்!

சின்னத்தம்பியை மறந்திருக்க மாட்டீர்கள். தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஆண் யானை. தோட்டங்களுக்குள் வருகிறது என்று 2019 ஜனவரி 25-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாற்றுக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒரே மாவட்டம். யானைக்கோ அது கணவாய்க்கு அப்பால், வேற்றுத் தீவு. இருந்ததா அங்கே? ஒரு வாரத்துக்குள் காட்டை விட்டு இறங்கி, நடையாய் நடந்து உடுமலையைத் தாண்டி மடத்துக்குளம் பக்கம் கரும்புக்காட்டுக்கு வந்து நின்றது. பிடிக்க வந்த கும்கிகளோடு மல்லுக்கு நிற்காமல் சேர்ந்து நின்றது. பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஜனம் திரண்டது. 'அதை அதன் ஊருக்கே கொண்டுபோய் விடுங்கள்' என்று எத்தனை பேர் குரல் கொடுத்தார்கள்! பிப்ரவரி 15-ஆம் தேதி மறுபடி பிடித்து வரகளியாற்று முகாமுக்கே கொண்டுபோய்க் கும்கியாகப் பழக்கினார்கள். அது எங்கே போக நினைத்து நடந்தது என்று யானையிடம் யாரும் கேட்க முடியாது. ஆனால் புது இடத்தைத் தன் இடமாக அது ஏற்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டோம்.

சின்னத்தம்பி தின்ற கரும்புக்கும் இந்தக் கணவாய்க்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது! கரும்பு எல்லா ஊரிலும் வளரும், ஆனால் எல்லா ஊரிலும் நன்றாகப் பூத்து விதை பிடிக்காது. கோவையின் தட்பவெப்பத்தில் அமோகமாகப் பூக்கும். பூத்தால்தானே ஒன்றோடு ஒன்றைக் கலந்து புதிய ரகம் எடுக்க முடியும்? அதற்காகவே 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை இங்கே நிறுவினார்கள். சார்லஸ் பார்பரும் டி.எஸ்.வெங்கடராமனும் 'வெள்ளை' என்ற நாட்டுக் கரும்பையும் நாணல் போன்ற ஒரு காட்டுக் கரும்பையும் கலந்து எடுத்த கோ 205 ரகம் 1918-இல் வட இந்தியாவுக்குப் போய் அங்கே கரும்பு விவசாயத்தையே புரட்டிப்போட்டது. பெயரில் இருக்கும் 'கோ' நம் கோயமுத்தூர்.

காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தென்மேற்குப் பருவம் அரபிக்கடலில் எழுந்து மலைச்சுவரில் மோதி மழையைக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. கதவு அகலத் திறந்திருக்கும் இடம் கணவாய். அதன் வழியே சிலுசிலுவென்று நுழைகிறது. அதனால்தான் ஆனி, ஆடியில் கோவையில் சாரல் தூறும், ஆண்டு மழைக் கணக்கோ 600, 700 மில்லிமீட்டரைத் தாண்டத் திணறும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றைத்தான் மின்சாரமாக்குகின்றன.

மனிதர்களுக்கு மட்டும் இந்த நீரிணை தடையாக இருக்கவே இல்லை, வாசலாக இருந்திருக்கிறது. மேலைக் கடற்கரை முசிறியில் இறங்கிய ரோமானியச் சரக்கும் காசும் இந்த வழியாகத்தான் கொங்குக்குள் வந்தன. வெள்ளலூரில் 1842-இல் நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. படியூரின் பச்சைக்கல்லும் கொடுமணலின் மணிகளும் எதிர்த்திசையில் போயின. 1862-இல் சென்னையிலிருந்து மேலைக்கடல் பேப்பூர் வரை ரயில் போட்டபோதும் போத்தனூரைத் தொட்டு இதே கணவாய்க்குள்தான் நுழைந்தார்கள். வாளையாறு ஓரத்தில் அந்தத் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டுச் செத்த கொடுமைகளுக்குப் பிறகு, 2024 முதல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து யானை வருவதை ரயில்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்ட வேண்டும்.

தீவின் மேலே ஏறுவதுதான் பாடாக இருந்தது. 1603-இல் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறித் தோடர்களைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு வெளியுலகம் எட்டிப் பார்த்தது குறைவு. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார், கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் வீடு கட்டினார், பிறகு ஊட்டி வந்தது. நீலகிரி தனி மாவட்டம் ஆனது 1868-இல். ஆனால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாரும் அதற்கெல்லாம் முன்பே அங்கே இருந்தவர்கள். எருமைப் பாலும் பானையும் தேனும் தானியமும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு ஒரு தனி உலகமே நடத்தியவர்கள். பாலமலையில் இன்றும் இருளர் பதிகள் இருக்கின்றன.

நம் ஊர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ரயில் 1873-இல் வந்தது. அங்கிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ரயில் ஏறியது 1899-இல். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம்! நார்வேயில் ஆர்லண்ட் ஃபியோர்டின் கரையிலிருந்து ஏறும் ஃப்ளாம் ரயிலை உலகமே போய்ப் பார்க்கிறது. 1940-இல் ஓடத் தொடங்கியது, பதினெட்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அழகில் அது சளைத்ததில்லை. ஆனால் ஏற்றத்திலும் வயதிலும் நம்முடையதுதான் முன்னால் நிற்கிறது. 2005-இல் யுனெஸ்கோ நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அதே ஆண்டில்தான் நார்வேயின் ஃபியோர்டுகளும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன!

பனியாறு இங்கே ஓடவில்லை என்றேன். ஆனால் பனியுகம் நீலகிரியைத் தொடாமல் விடவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் புல்லும் பாசியும் மக்கி அடுக்கடுக்காகப் படிந்த கறுப்புச் சேறு இருக்கிறது. ஆய்வாளர்கள் அந்த அடுக்கை எடுத்து ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டு வானிலையைப் படித்து 1993-இல் வெளியிட்டார்கள். நார்வே முழுதும் கிலோமீட்டர் கனத்துக்குப் பனி மூடி ஃபியோர்டுகளைக் குடைந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், நீலகிரி வறண்டு, சோலை சுருங்கிப் புல்வெளி பரந்து கிடந்திருக்கிறது. பிறகு மழை வந்ததும் சோலை விரிந்திருக்கிறது. ஒரே பனியுகம் அங்கே மலையை அறுத்தது, இங்கே சேற்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய தீவுக்கதை ஒன்று உண்டு. இந்தியாவே ஒரு தீவாக இருந்தது! ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, தனியே மிதந்து, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அந்தப் பயணத்தின் பழைய பயணி ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஊதாத் தவளை. உப்பிய உடம்பும் கூர்மூக்குமாக, ஆண்டு முழுதும் மண்ணுக்கடியில் இருந்துவிட்டு மழை தொடங்கும் வேளையில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். எஸ்.டி.பிஜுவும் ஃபிராங்கி போஸூயிட்டும் 2003-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தக் குடும்பம் இந்தியாவில் இல்லை, இந்துமகாசமுத்திரத்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது! 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவில் இதன் உடன்பிறப்பு இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'பூபதி'. 1990-இல் தொடங்கிய, இப்போது நம் ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்து, 2014-இல் மலையில் களப்பணியின்போது உயிர்விட்ட சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக. கோவைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் இது.

பிரிந்து கிடக்கும் இரண்டு தீவும் ஒரு விஷயத்தில் நாள் பார்த்து ஒன்றுசேரும். குறிஞ்சி! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, நீலகிரியிலும் பூத்தது, மூணாறிலும் பூத்தது. அடுத்தது 2030. வரையாடும் இரு கரையிலும் உண்டு. வடக்கே முக்குருத்தி, தெற்கே ஆனைமலையும் இரவிகுளமும். தமிழ்நாட்டு வரையாடுகளின் எண்ணிக்கை 2024-இல் 1,031, 2025-இல் 1,303. காப்பாற்ற மனம் வைத்தால் முடிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கவலையும் சொல்லத்தான் வேண்டும். தீவு என்றால் கரை வேண்டும். நம் கரை தேய்கிறது. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டிய குழிகளில் மலையிலிருந்து வரும் பள்ளங்களே வழி தெரியாமல் நின்றுபோயின. வழக்கும் போராட்டமும் நடந்து 2021-இல் சூளைகள் மூடப்பட்டன. குழிகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாற்றில் மலைக்கும் சாலைக்கும் நடுவே யானைகள் வடக்கே போவதற்கு இருப்பது குறுகலான ஒரே வழி. அதையும் வேலி போட்டு அடைத்தால் பெரியநாயக்கன்பாளையம், காரமடைக் காட்டு யானைகள் தீவுக்குள் ஒரு தீவாகிவிடும்.

1930-இல் கல்வியாளர் அவினாசிலிங்கம் நம் ஊரின் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கியதிலிருந்து எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இந்த மலையைப் பார்த்துக்கொண்டே படித்திருக்கிறார்கள்! இங்குள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புவியியல் புத்தகத்தில் ஃபியோர்டு வரும் நாளில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். மேற்கே கையைக் காட்டுங்கள். அந்த மலையில் இருக்கும் குருவி தெற்கு மலையில் இல்லை என்று சொல்லுங்கள். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.